குலுக்கலில் வராத பெயர்

அரவிந்த்,

போன வியாழக்கிழமை, புதிய பள்ளி ஒன்றைத் தொடங்க உங்கள் குழு கொடுத்த மனுவை, அந்த ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் உறுப்பினர்கள் நிராகரித்ததை நானும் அப்பாவும் இங்கே டெக்சாஸ் ரிச்சர்ட்சனில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நேரலையில் பார்த்தோம். ஒவ்வொரு உறுப்பினராகக் காரணம் சொல்லி வாக்களித்தார்கள். நீ இரண்டாவது வரிசையில் கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாய். முடிந்ததும் வாசலிலிருந்தே அழைத்தாய். "தே ஆர் ஜஸ்ட் ஸ்கேர்ட், அம்மா. நாங்க இவங்களுக்கு மேல இருக்கற கவுண்ட்டிக்கு அப்பீல் பண்ணப்போறோம். இனிமே இவங்க மூஞ்சியிலயே முழிக்க வேண்டாம்" என்றாய். போனில் ஆறுதல் சொல்வது எனக்கு எப்போதும் சரியாக வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நம் தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். இதையே கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தவிக்கும் பெற்றோர் இங்கே நிறையப் பேர். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகப் படி. மெதுவாகப் படிக்க வேண்டிய விஷயம்தான்.

நம் ஊரில் எங்கள் சார்ட்டர் பள்ளியை நாங்கள் தொடங்கிய காலத்தில் நீ குழந்தை. சார்ட்டர் பள்ளி என்றால் என்னவென்றே எனக்கு முதலில் விளங்கவில்லை. அரசாங்கப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, ஆனால் ஊர்ப் பள்ளி மாவட்டத்தின் கீழ் வராது, ஒரு தனிக் குழு நடத்தும் என்று மிஸ் வாக்கர்தான் விளக்கினார். அவர் பல வருடம் வகுப்பறையில் இருந்தவர். பாடத்தைத் தன் விருப்பப்படி நடத்த ஒரு இடம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். கணக்குத் தெரிந்த ஒரு பெற்றோர் குழுவில் வேண்டும் என்றார். டெலிகாம் கம்பெனியில் மென்பொருள் சோதனை செய்துகொண்டிருந்த நான் அப்படித்தான் உள்ளே போனேன்.

டெக்சாஸ் சட்டம் எங்களுக்கு ஒரு கையில் நிறையக் கொடுத்தது, இன்னொரு கையில் ஒன்றும் கொடுக்கவில்லை. அனுமதி மாநிலத் தலைநகரான ஆஸ்டினிலிருந்து வந்தது. ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆசிரியர் சான்றிதழ் இல்லாத பட்டதாரிகளையும் வேலைக்கு வைக்கலாம். எங்கள் முதல் கணக்கு ஆசிரியர் வேலை போன ஒரு டெலிகாம் எஞ்சினியர். பாட வேளையை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியிலிருந்து எங்களுக்கு எதுவும் வராது. பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து மாநிலம் தருவது மட்டும்தான். மாவட்டப் பள்ளிகளைப்போல மக்களிடம் வாக்குக் கேட்டுக் கடன் பத்திரம் போட்டுக் கட்டடம் கட்டவும் முடியாது. ஆகவே ஒரு தேவாலயத்தின் ஞாயிறு வகுப்பறைகளில் பள்ளி நடந்தது. வெள்ளிக்கிழமை மாலையானால் மேசை, நாற்காலி, சுவரில் ஒட்டிய படங்கள் எல்லாவற்றையும் சக்கரம் வைத்த அலமாரிகளில் அடைத்து ஓரம்கட்டிவிட்டு, திங்கள் காலை மறுபடி விரிப்போம். ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்துதான் செய்தோம். அந்த வேலையில் ஒரு சந்தோஷம் இருந்தது. யாருக்கும் கீழே இல்லாத சந்தோஷம்.

நம் குடும்ப நண்பர் கல்பனா ஆன்ட்டிக்கு அந்தச் சந்தோஷம் பிடிக்கவில்லை. அவள் அப்போதே நம் பேட்டை மாவட்டப் பள்ளியில், ஆங்கிலம் தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு ஆசிரியை. ஒரு சனிக்கிழமை நம் வீட்டுச் சமையலறையில் வைத்தே கேட்டாள். "நீ நல்லது பண்றேன்னுதான் நினைக்கிறே, எனக்குத் தெரியும். ஆனா எங்க ஸ்கூல்ல இருந்து ஒரு பையன் உங்ககிட்ட வந்தா அவனோட ஃபண்டிங்கும் போகுதுடி. எங்க பஸ் அதே பஸ்தான் ஓடணும். ஏசி அதே ஏசிதான். கடைசில எதை கட் பண்ணுவாங்கன்னு நினைக்கிறே? ரீடிங் டீச்சரைத்தான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ உங்க ஸ்கூல் நல்லா நடந்தா ஏன் எங்ககிட்ட வர்றாங்க?" என்றேன். அவள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த வருடம் கொலுவுக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்த வருடங்களிலும் வரவில்லை. கோயிலில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான்.

நீ கல்பனா ஆன்ட்டியின் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடிக்கப்போகும் சமயத்தில்தான் எங்கள் பள்ளியில் உன்னைச் சேர்க்கும் பேச்சு வந்தது. அதற்குள் பள்ளிக்கு நல்ல பெயர் வந்திருந்தது. இடத்தைவிட விண்ணப்பங்கள் அதிகம். அப்படி இருந்தால் குலுக்கல் போட வேண்டும் என்பது விதி. பள்ளியைத் தொடங்கியவர்களின் பிள்ளைகளைக் குலுக்கல் இல்லாமல் சேர்த்துக்கொள்ளவும் விதியில் இடம் இருந்தது. குழுவில் அதைப் பற்றிப் பேசினோம். எனக்கு மட்டுமில்லை, இன்னும் சிலருக்கும் சேர வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். "வேண்டாம், நம் பிள்ளைகளும் எல்லாரையும்போலக் குலுக்கலில் வரட்டும். இல்லையென்றால் வெளியே நிற்கும் அம்மாக்களின் முகத்தைப் பார்க்க முடியாது" என்று மிஸ் வாக்கர் சொன்னார். எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். உண்மையைச் சொன்னால், உன் பெயர் வராமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

குலுக்கல் அன்று தேவாலயக் கூடம் நிறைந்திருந்தது. நீ சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்று அடம்பிடித்தாய். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். கைதட்டல், கட்டிப்பிடித்தல், அழுகை. இடங்கள் தீர்ந்த பிறகும் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அது காத்திருப்போர் வரிசை. அதிலும் கடைசிப் பக்கத்தில்தான் உன் பெயர் வந்தது.

காரில் வீட்டுக்கு வரும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அப்போ அது யாரோட ஸ்கூல், அம்மா? நம்மளோடதுன்னு சொன்னியே" என்றாய். அப்பா அன்று என்னிடம் போட்ட சண்டை உனக்கு ஞாபகம் இருக்கலாம், உன் அறைக்குக் கேட்டிருக்கும். "ஊருக்கெல்லாம் நியாயம், பெத்த பையனுக்கு மட்டும் கிடையாதா? ஃப்ரைடே ஃப்ரைடே போய் அங்க டேபிள் தூக்கறே. உன் பையன் பேரு லிஸ்ட்லயே இல்ல. யாராவது கேட்டா சிரிப்பாங்க." நான் அழுதேன். ஆனால் கை தூக்கியதற்காக அழவில்லை. இன்றைக்கும் அந்தக் கையை நான் தூக்கத்தான் செய்வேன்.

அப்படித்தான் நீ கல்பனா ஆன்ட்டியின் பள்ளியிலேயே தொடர்ந்தாய். அந்த ஆகஸ்டில் உன்னை வகுப்பில் விடப் போனபோது அவள் வராந்தாவில் நின்றிருந்தாள். ஏதாவது குத்திச் சொல்வாள் என்று பயந்தேன். அவள் உன் பையை வாங்கிக்கொண்டு, "வாடா, உன் க்ளாஸைக் காட்டறேன்" என்று கூட்டிக்கொண்டு போனாள். நீ அங்கே நன்றாகத்தான் படித்தாய். அங்கேதான் வயலின் பிடித்தாய், அங்கேதான் உன் உயிர்த் தோழர்கள் கிடைத்தார்கள். நான் குறை சொன்ன பள்ளி என் பிள்ளையை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொண்டது. காலையில் உன்னை அங்கே விட்டுவிட்டு, மாலையில் அதற்குப் போட்டியாக நின்ற பள்ளியின் கூட்டத்துக்குப் போவேன். இரண்டு பக்கமும் எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

வருடங்கள் ஓடின. தேவாலயத்தைச் சுற்றியிருந்த அபார்ட்மெண்டுகளில் புதிய குடும்பங்கள் வந்து நிறைந்தன. எங்கெங்கோ நடந்த போர்களிலிருந்து தப்பி வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். குலுக்கலில் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. பலருக்கு ஆங்கிலமே தெரியாது. எங்களிடம் நல்ல எஞ்சினியர் கணக்கு சொல்லிக்கொடுத்தார், ஆனால் ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கற்றவர் யாருமில்லை. மாநிலத் தேர்வில் பள்ளி தேறவில்லை. அடுத்த வருடமும் தேறவில்லை. தொடர்ந்து மூன்று வருடம் தேறாவிட்டால் அனுமதியை ரத்து செய்தே ஆக வேண்டும் என்று அதற்குள் சட்டம் வந்துவிட்டிருந்தது. அதில் யார் போய்க் கெஞ்சினாலும் இடமில்லை. எந்த ஆஸ்டின் எங்களை ஊரைக் கேட்காமல் திறக்க விட்டதோ, அதே ஆஸ்டின் ஊரைக் கேட்காமல் மூடவும் முடியும்.

அந்த நேரத்தில்தான் வெளி மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பெரிய நிறுவனம் வந்தது. பல ஊர்களில் சார்ட்டர் பள்ளிகளை நடத்துபவர்கள். கட்டடம் தருகிறோம், ஆசிரியர்களைத் தருகிறோம், தேர்ச்சியும் காட்டுகிறோம், குழுவை மட்டும் எங்கள் ஆட்களிடம் கொடுங்கள் என்றார்கள். பின்தங்கிய பிள்ளைகளை என்ன செய்வீர்கள் என்று மிஸ் வாக்கர் கேட்டதற்கு, அவர்களுக்கு இன்னும் பொருத்தமான இடத்தைக் காட்டுவோம் என்று வந்தவர் சிரித்தபடி சொன்னார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது மிஸ் வாக்கர் என்னிடம் சொன்னார்: "சட்டப்படி யாரையும் வெளியே அனுப்ப முடியாது. ஆனால் ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, உங்கள் பெண்ணுக்கு இந்த இடம் சரிப்படாது என்று சொன்னால் போதும். மறுநாளே அவளாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்."

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வாக்கெடுப்பு நடந்த மாலை, சரி என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன். எனக்கு அலுத்துவிட்டது. அலமாரி தள்ளித் தள்ளி முதுகு போயிருந்தது. பள்ளி மூடப்படுவதைவிட யாரிடமாவது உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சார்ட்டர் பள்ளியானாலும் குழுக் கூட்டம் பொதுமக்கள் முன்னால்தான் நடக்க வேண்டும், விரும்பியவர் எழுந்து பேசலாம். பேசுபவர்களின் பெயர்களை வாசித்தபோது உன் பெயர் வந்தது. நான் திடுக்கிட்டு நிமிர்ந்தேன். நீ வந்திருப்பதே எனக்குத் தெரியாது. பதினேழு வயது, ஒல்லியாக, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைக் முன்னால் நின்றாய். வீட்டில் சாப்பாட்டு மேசையில் நானும் அப்பாவும் பேசியதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். நீ ஆங்கிலத்தில்தான் பேசினாய். ஆனால் எனக்கு அது தமிழில்தான் மனதில் நிற்கிறது. "நான் இந்தப் பள்ளியில் படித்ததில்லை. எனக்கு இங்கே வர ஆசை இருந்தது. என் அம்மா இந்தக் குழுவில் இருந்தும் குலுக்கலில் என் பெயர் வரவில்லை. எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. ஆனால் அந்தக் குலுக்கல் நியாயமாக நடந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும். எனக்குக் கிடைக்காத இடம் அதே மாதிரிக் குலுக்கலில் இன்னொரு பிள்ளைக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்பதற்காக இப்போது அவளை வெளியே அனுப்பினால், அன்றைக்கு என்னை எதற்காக வெளியே நிறுத்தினீர்கள்?"

அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். வாக்களிக்க என் முறை வந்தபோது, "முடியாது" என்றேன். ஒரு வாக்கு வித்தியாசத்தில் பள்ளியைக் கைமாற்றும் தீர்மானம் தோற்றது. மிஸ் வாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மாலை கல்பனா நம் வீட்டு மணியை அடித்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. "உன் பையன் பேசினானாமே. எங்க ஸ்டாஃப் ரூம் ஃபுல்லா அதே பேச்சுதான்" என்றாள்.

"ஆமா. ஆனா இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு கல்பனா. எங்க டீச்சர்ஸுக்கு இந்தப் பசங்களுக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னே தெரியல."

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன். சாட்டர்டே காலைல எல்லாரையும் வரச் சொல்லு."

"உங்க டிஸ்ட்ரிக்ட்ல ஏதாவது சொல்ல மாட்டாங்களா?"

"என் சாட்டர்டே என்னோடது. அதுல பாதிப் பசங்க எங்க ஸ்கூல்ல இருந்து உங்ககிட்ட வந்தவங்கடி. அவங்க ஃபெயில் ஆனா எனக்கு என்ன சந்தோஷமா?"

அந்த வருடம் முழுக்க அவள் வந்தாள். படத்தைக் காட்டி, செய்து காட்டி, பிள்ளையின் சொந்த மொழியிலேயே முதலில் பேசவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்று எங்கள் ஆசிரியர்களுக்குக் காட்டினாள். எஞ்சினியர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். நீயும் சில நாள் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசித்தாய். வாத்தியார் ஆகப்போகிறேன் என்று நீ முதன்முதலில் சொன்னது அந்த வசந்த காலத்தில்தான். அப்பா ஒரு வாரம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே உனக்குக் கல்லூரி தேடித் தந்தார்.

முடிவு வந்த அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். மிஸ் வாக்கர் அழைத்து, மாநிலத்தின் இணையதளத்தைப் பார் என்றார். முகவரியை இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறைதான் திறந்தேன். தேறியிருந்தோம். மயிரிழையில்தான். ஆனால் தேறியிருந்தோம். கார் நிறுத்துமிடத்துக்குப் போய்க் கல்பனாவை அழைத்தேன். இரண்டு பேரும் அழுதுகொண்டே இருந்தோம். அடுத்த சில வருடங்களில் சட்டமன்றம் சார்ட்டர் பள்ளிகளின் கட்டடத்துக்கென்று முதல்முறையாக ஒரு தொகையை ஒதுக்கியது. மூடிக் கிடந்த ஒரு ஃபர்னிச்சர் கடையை வாடகைக்கு எடுத்தோம். அங்கே முதல் வெள்ளிக்கிழமை மாலை ஒன்றையும் ஓரம்கட்ட வேண்டியிருக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் சும்மா நின்றோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ இருக்கும் மாநிலத்தின் சட்டம் வேறு. அங்கே நீ முதலில் ஊர்க்காரர்களிடமே, அந்த மாவட்டத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களிடமே போக வேண்டும். உன் பள்ளி வந்தால் பக்கத்துப் பள்ளிகளுக்கு என்ன ஆகும் என்று கேட்க அவர்களுக்குச் சட்டமே உரிமை கொடுத்திருக்கிறது. உன் ஆசிரியர்களுக்குச் சான்றிதழ் வேண்டும். அதே சட்டம், அனுமதி கிடைத்தால் உன் பிள்ளைகளுக்கும் மாவட்டக் கட்டடங்களில் இடம் கேட்கலாம் என்கிறது. உள்ளூர் வரியிலும் பங்கு உண்டு. உனக்கு இது கையைக் கட்டுவதாகத் தெரிகிறது. நீ குடியிருக்கும் லிவர்மோரிலிருந்து தினமும் மலையைத் தாண்டி அந்த ஊருக்கு வண்டி ஓட்டிப் போய் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய உனக்கு அப்படித்தான் தெரியும். எங்களுக்கு இருந்த சுதந்திரத்தைப் பார்த்து நீ பொறாமைப்படுகிறாய் என்றும் தெரியும். ஆனால் எங்கள் சுதந்திரம் எப்படி இருந்தது என்றால், பள்ளி மூழ்கப்போகிறது என்று தெரிந்தும் ஊரில் ஒருவருக்கும் அது தங்கள் கவலையாகப் படவில்லை. ஏனென்றால் நாங்கள் யாரையும் எதுவும் கேட்டதில்லை. கல்பனா வந்தது சட்டத்தால் இல்லை. அவள் நல்லவள் என்பதால். எல்லா ஊரிலும் ஒரு கல்பனா மணி அடிப்பாள் என்று நம்பி உட்கார முடியாது. உன் மாநிலத்தில் சட்டமே உன்னை அவள் வீட்டு வாசலுக்கு அனுப்புகிறது.

கவுண்ட்டிக்கு மேல்முறையீடு செய்வது உன் உரிமை. செய்யாதே என்று நான் சொல்லவில்லை. மனுவில் பெரிதாக எதையாவது மாற்றினால் அது மறுபடியும் மாவட்டத்திடமே திரும்பிவிடும் என்று பயப்படுகிறாய். திரும்பட்டுமே. அன்று எதிர்த்து வாக்களித்த அந்த நரைத்த முடி அம்மா என்ன கேட்டார் என்று கவனித்தாயா? பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஏற்கெனவே பிள்ளைகள் குறைவு, இன்னும் சிலர் போனால் இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைக்க வேண்டிவரும், அங்கேயே இருக்கப்போகும் பிள்ளைகளைப் பற்றி இந்த மனுவில் ஒரு வரியும் இல்லையே என்றார். நீ அதைப் பயம் என்கிறாய். எனக்கு அது கேள்வியாகக் கேட்டது. நியாயமான கேள்வி. நீயே ஒரு காலத்தில் அங்கேயே இருந்துவிட்ட பிள்ளைதான் அரவிந்த். அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்கள் குழுவில் உன்னைவிட யாருக்குத் தெரியும்?

இதுவரை எழுதிவிட்டு நேற்று எழுந்து போனேன். காலையில் போனைப் பார்த்தால் உன் செய்தி. அந்தத் தொடக்கப் பள்ளியின் பிரின்சிபாலுக்கு நீயாகவே எழுதியிருக்கிறாய். செவ்வாய்க்கிழமை வா, நாள் முழுக்க இரு, வாசிப்பு வகுப்புக்கு ஆள் போதவில்லை என்று அவர் பதில் போட்டிருக்கிறார். நான் இவ்வளவு எழுதியது வீண் என்று அப்பா சிரிக்கிறார். சிரிக்கட்டும். ஆனால் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "என் பையன் மனுவைத் தூக்கிக்கிட்டு மறுபடியும் அதே வாசலுக்குப் போறான்" என்று அவரே போனில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை போகும்போது மனுவைக் காரிலேயே வைத்துவிட்டுப் போ. அன்று அதைப் பற்றிப் பேசாதே. பிள்ளைகளோடு தரையில் உட்கார். ஆசிரியர்கள் சாப்பிடும் இடத்தில் அவர்களோடு சாப்பிடு. அவர்களுக்கு எது இல்லை, எது நன்றாக இருக்கிறது என்று பார். உன் பள்ளி அவர்களுக்கு எதைக் கொடுக்க முடியும் என்று அதற்குப் பிறகு யோசி. அனுமதி கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆகலாம். ஆகட்டும். அந்த ஊரின் சம்மதத்தோடு திறக்கும் பள்ளியை ஊரே காப்பாற்றும். மாலையில் மலை ஏறித் திரும்பும்போது என்னை அழை. அங்கே எந்தப் பிள்ளை உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, அதன் பெயர் என்ன, என்ன கதை வாசித்தீர்கள் என்று சொல். மனுவைப் பற்றி நான் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா